கணக்கர் முதல் தமிழவேள் வரை

தொடர்புத்திறன் என்ற சொல்லைக் கேட்காத பட்டதாரி இன்று யாரும் இல்லை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் பருவத்திலேயே படைப்பு செய்வது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறார்கள். இறுதியாண்டில் நேர்காணலுக்கு எப்படி உடுத்துவது, எப்படிக் கைகுலுக்குவது, தன்விவரக் குறிப்பை எத்தனை பக்கத்தில் முடிப்பது என்று பயிலரங்கு நடத்துகிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகும் விடுவதில்லை. மின்னஞ்சல் எழுதுவது எப்படி, கூட்டத்தில் எப்போது பேசுவது, மேலதிகாரியிடம் மறுப்பை எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று வகுப்புகள் தொடர்ந்துகொண்டே இருக்கின்றன.

பட்டம் பெற்று வெளியே வந்து, சைனாடவுனில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் நானும் இத்தகைய வகுப்புகள் பலவற்றில் உட்கார்ந்திருக்கிறேன். அவற்றால் பயன் இல்லை என்று சொல்லமாட்டேன். நன்றாகப் பேசத் தெரிந்தவருக்குப் பணியிடத்தில் மதிப்புக் கூடுகிறது என்பது நாம் அனைவரும் கண்கூடாகப் பார்க்கும் உண்மை. திருவள்ளுவரும் அமைச்சருக்குரிய தகுதிகளைச் சொல்லத் தொடங்கியதும் அடுத்த அதிகாரமாகச் சொல்வன்மையைத்தான் வைத்தார்.

ஆனாலும் இந்த வகுப்புகள் பெரும்பாலும் என்னைப் பற்றியே பேசுகின்றன. என் தோற்றம், என் குரல், என் நம்பிக்கை, என் மதிப்பு. யாரிடம் பேசுகிறோம், அவர்களுக்கு எந்த மொழி புரியும், பேசி முடித்த பிறகு அவர்கள் நிலையில் ஏதாவது மாறுமா என்ற கேள்விகள் கடைசி ஐந்து நிமிடங்களில் வந்து போய்விடுகின்றன. இந்தக் கேள்விகளை முதலில் வைத்து வாழ்ந்த ஒருவர் நம் ஊரிலேயே இருந்தார். தமிழவேள் கோ. சாரங்கபாணி என்றால் நம் பேரவை உறுப்பினர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. தமிழ் முரசைத் தொடங்கியவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். தொழில்முறைத் தொடர்பாளர் என்ற கோணத்தில் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் இன்றைய இளையர்களுக்குக் கிடைக்கக்கூடியவை என்னென்ன என்பதையே இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

திருவாரூரிலிருந்து சிங்கப்பூருக்கு

கோவிந்தசாமி சாரங்கபாணி 1903ஆம் ஆண்டு தமிழகத்தின் திருவாரூரில் பிறந்தார். 1924இல், 21 வயதில், சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். அவரிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. பெரிய குடும்பப் பின்னணியும் இல்லை. தமிழும் ஆங்கிலமும் தெரிந்த, கணக்கெழுதத் தெரிந்த ஓர் இளைஞர். அவ்வளவுதான். இங்கு வந்ததும் அவருக்குக் கிடைத்ததும் கணக்கெழுதும் வேலையே.

அன்றைய மொழியில் சொன்னால் அவர் ஒரு கிராணி. பகல் முழுவதும் பேரேட்டின் முன் உட்கார்ந்து வரவையும் செலவையும் பதிவு செய்யும் வேலை. மாதச் சம்பளம், ஊருக்கு அனுப்பப் பணம், சில ஆண்டுகளில் ஊர் திரும்புதல் என்பதே அன்று இங்கு வந்த பெரும்பாலானோரின் திட்டம். அந்தத் திட்டத்தோடு அவர் வாழ்ந்திருந்தால் நமக்கு அவர் பெயர் தெரிந்திருக்காது.

அவர் வந்து இறங்கிய சிங்கப்பூரில் தமிழர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அறிய, நான் தினமும் நடக்கும் தெருக்களே போதும். சைனாடவுன் என்று இன்று சுற்றுப்பயணிகள் கொண்டாடும் இந்த வட்டாரம் சீனர்களின் வட்டாரம் மட்டுமன்று. சவுத் பிரிட்ஜ் சாலையில் நாராயண பிள்ளை 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் நிற்கிறது. அதே சாலையில் சில அடிகள் தள்ளிச் சூலியா முஸ்லிம்கள் எழுப்பிய ஜாமியா பள்ளிவாசல். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவும் அல் அப்ரார் பள்ளிவாசலும் இருக்கின்றன. சற்று நடந்தால் மார்க்கெட் ஸ்திரீட். அங்கே செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. இன்னும் தெற்கே போனால் தஞ்சோங் பகார். அங்கே துறைமுகத்தில் மூட்டை சுமந்த உழைப்பாளிகள் வாழ்ந்தார்கள்.

அரை மணி நேரத்தில் நடந்து முடித்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் இங்கு வாழ்ந்த தமிழர்கள் ஒருவரையொருவர் அறியாதவர்கள்போல் வாழ்ந்தார்கள். வட்டிக்கடைக்காரரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே மொழி பேசினார்கள், ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. மதம் பிரித்தது. சாதி அதைவிட ஆழமாகப் பிரித்தது. கோயிலுக்குள்ளும் சாதி பார்க்கப்பட்டது. 1931ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது சிங்கப்பூரில் இருந்த இந்தியர்கள் சுமார் 50,000 பேர். அவர்களில் பெரும்பான்மையினர் தமிழர்கள். பெரும்பாலானோர் உடலுழைப்பாளிகள். மற்ற இனத்தவர் பார்வையில் தமிழர் என்றால் கூலி என்ற ஒரே பிம்பம்தான் இருந்தது.

இன்று நாம் தொழில்முறைத் தோற்றம் என்று தனி மனிதரைப் பற்றிப் பேசுகிறோம். அன்று ஒரு தமிழர் எவ்வளவு நன்றாக உடுத்தினாலும், எவ்வளவு நல்ல ஆங்கிலம் பேசினாலும், அவருடைய சமூகத்தைப் பற்றிய பிம்பம் அவருக்கு முன்பாகவே அறைக்குள் நுழைந்துவிடும். அந்தப் பிம்பம் மாறாமல் தன் தோற்றம் மட்டும் மாறாது என்பதைச் சாரங்கபாணி இளவயதிலேயே உணர்ந்திருக்க வேண்டும். அவர் பிற்காலத்தில் செய்த காரியங்களைப் பார்க்கும்போது அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

ஒரு காசுப் பத்திரிகை

தமிழகத்தில் பெரியார் 1925இல் குடிஅரசு இதழைத் தொடங்கினார். சுயமரியாதைக் கருத்துகள் கப்பல் வழியே இங்கும் வந்தன. சாரங்கபாணி அவற்றால் ஈர்க்கப்பட்டார். 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியாரே மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். அந்த வருகை இங்குள்ள இளைஞர்களுக்குப் பெரும் ஊக்கமளித்தது. அக்காலகட்டத்தில் முன்னேற்றம் என்ற வார இதழின் பணியில் சாரங்கபாணி ஈடுபட்டார். கணக்குப் பேரேட்டிலிருந்து அச்சுக்கூடத்துக்கு அவர் நகர்ந்தது அப்போதுதான்.

1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் முன்னணிச் செயல்வீரர்களில் ஒருவராக அவர் இருந்தார். 1935ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி தமிழ் முரசு வார இதழாகப் பிறந்தது. விலை ஒரு காசு.

இந்த விலையைப் பற்றிச் சற்று சிந்திக்க வேண்டும். ஒரு காசு விலையில் பத்திரிகை நடத்தினால் இலாபம் வராது என்பது கணக்கெழுதத் தெரிந்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் அவர் யாரிடம் பேச விரும்பினாரோ அவர்களுடைய கையில் இருந்தது அந்த ஒரு காசுதான். நாள் முழுவதும் மூட்டை சுமந்தவர், நகராண்மைக் கழகத்தில் சாலை கூட்டியவர், மாட்டுக்கொட்டகையில் பால் கறந்தவர் ஆகியோரே அவருடைய வாசகர்கள். கேட்பவரை அறிந்து பேசு என்று இன்றைய பயிற்றுநர்கள் திரையில் எழுதிக் காட்டுகிறார்கள். அவர் அதை விலையிலேயே காட்டினார்.

மொழிநடையிலும் இதே அணுகுமுறைதான். தேசிய நூலக வாரியம் பழைய தமிழ் முரசு இதழ்களை மின்வடிவில் அளித்திருப்பதால் இன்று யாரும் வீட்டிலிருந்தே அவற்றைப் புரட்டலாம். நான் மாலை நேரங்களில் அவ்வப்போது புரட்டுவதுண்டு. அந்தக் காலத் தமிழுக்கே உரிய வடசொற்களும் நீண்ட வாக்கியங்களும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் செய்தி எது, கோரிக்கை எது என்பதில் குழப்பம் இல்லை. எழுத்தறிந்தவர் ஒருவர் உரக்கப் படிக்க, அறியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் அது. காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டிய தேவை அன்றைய ஆசிரியர்களுக்கு இருந்தது.

அவர் எழுதியவை எல்லோருக்கும் இனிப்பானவை அல்ல. சாதி வேற்றுமையை எதிர்த்து எழுதினார். மதுப்பழக்கத்தை எதிர்த்து எழுதினார். விலங்குப் பலியையும், உடலை வருத்தும் வழிபாட்டு முறைகளையும் கேள்வி கேட்டார். தீமிதித் திருவிழா ஆண்டுதோறும் நடக்கும் மாரியம்மன் கோயில் இருக்கும் ஊரில் இப்படி எழுதுவது எளிதன்று. அவருடைய வாசகர்களிலேயே பலர் பூக்குழி இறங்கியவர்களாக இருந்திருப்பார்கள். இன்றும் ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்குச் சில நாள்கள் முன்பு சவுத் பிரிட்ஜ் சாலையில் பல்லாயிரம் பேர் திரள்கிறார்கள். அந்த விஷயத்தில் அவர் வாதம் வென்றது என்று சொல்ல முடியாது. இருப்பினும் அவரோடு கருத்து மாறுபட்டவர்களும் அவருடைய பத்திரிகையை வாங்கிப் படித்தார்கள். தன்னை மதிக்கும் ஒருவர் மாற்றுக் கருத்தைச் சொன்னால் மக்கள் கேட்பார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இரண்டு மொழிகள், இரண்டு வாசல்கள்

தமிழ் முரசு தொழிலாளிக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் தொழிலாளியின் தலைவிதியைத் தீர்மானித்தவர்கள் தமிழ் படிக்காதவர்கள். ஆளுநரும் அதிகாரிகளும் முதலாளிகளும் ஆங்கிலம் படித்தார்கள். மற்ற இனத் தலைவர்களோடு பேசவும் ஆங்கிலமே வேண்டியிருந்தது. இதை அறிந்த சீர்திருத்தச் சங்கத்தினர் 1936இல் ரிஃபார்ம் என்ற ஆங்கில மாத இதழைத் தொடங்கினார்கள். போருக்குப் பின் 1946இல் சாரங்கபாணி இந்தியன் டெய்லி மெயில் என்ற ஆங்கில நாளிதழைத் தொடங்கினார். அது ஏறத்தாழ 10 ஆண்டுகள் வெளிவந்தது.

ஒரே ஆசிரியர். ஒரே நோக்கம். ஆனால் இரண்டு மொழிகள். தமிழில் தம் மக்களைத் திருத்தினார், ஆங்கிலத்தில் தம் மக்களுக்காக வாதாடினார். மக்களிடம் பேசும்போது குறைகளைச் சுட்டிக்காட்டியவர், வெளியாரிடம் பேசும்போது உரிமைகளைக் கேட்டார். இதை மாற்றிச் செய்பவர்களே அதிகம். வெளியாரிடம் தம் இனத்தைப் பழிப்பதும், தம்மவரிடம் வீண்பெருமை பேசுவதும் எளிது.

இங்கே இன்னொருவரையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. இன்றைய திருவாரூர் மாவட்டத்திலுள்ள வலங்கைமானில் 1869இல் பிறந்தவர் வி.எஸ். சீனிவாச சாஸ்திரி. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர். ஆங்கிலப் பேச்சாற்றலாலேயே உலக அரங்குகளுக்கு உயர்ந்தவர். 1921இல் பிரிட்டிஷ் மன்னரின் பிரிவி கவுன்சிலில் உறுப்பினரானார். வெள்ளி நாக்குப் பேச்சாளர் என்ற புகழ் அவருக்கு உண்டு. தொடர்புத்திறன் ஓர் ஏழை இளைஞரை எவ்வளவு உயரத்துக்குக் கொண்டுசெல்லும் என்பதற்கு அவரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு தமிழர்களிடையே இல்லை எனலாம்.

அவர் இந்திய அரசின் சார்பில் 1936ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கு வந்தார். இந்தியத் தொழிலாளர்களின் நிலையை ஆராய்வது அவர் பணி. 1937இல் வெளியான அவருடைய அறிக்கை, பொருளியல் மந்தத்தின்போது குறைக்கப்பட்ட கூலியை மீட்டுத்தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆயினும் அது போதாது என்று இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் பலர் மனக்குறை கொண்டார்கள். உதவித்தொகை கொடுத்துத் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்பும் முறையை மறு ஆண்டே, 1938இல், இந்திய அரசு நிறுத்தியது.

சாஸ்திரியாரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. தென்னாப்பிரிக்க இந்தியர்களுக்காக அவர் ஆற்றிய பணியை மறக்க முடியாது. ஆனால் அவர் வந்தார், பார்த்தார், எழுதினார், திரும்பினார். சாரங்கபாணி இங்கேயே இருந்தார். எழுதியதற்கு மறுநாள் அதே மக்களின் முகத்தில் விழித்தார். எழுத்தாற்றலில் சாஸ்திரியார் பெரியவராக இருக்கலாம். ஆனால் கேட்டவர்களின் வாழ்க்கையோடு பிணைந்திருந்த குரல் சாரங்கபாணியுடையது.

மாணவர்களுக்கு ஒரு மன்றம்

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. போர் முடிந்து திரும்பிய சிங்கப்பூர் பழைய சிங்கப்பூர் அன்று. உழைத்துவிட்டு ஊர் திரும்பும் எண்ணம் குறைந்து, இங்கேயே பிள்ளைகளை வளர்க்கும் எண்ணம் பிறந்தது. 1946இல் கடையநல்லூர் முஸ்லிம்களின் முயற்சியால் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி தொடங்கப்பட்டது. மேக்ஸ்வெல் சாலையில், இன்று உணவங்காடிக்காக வரிசை நிற்கும் அந்த வட்டாரத்தில், ஒரு காலத்தில் பிள்ளைகள் தமிழிலேயே எல்லாப் பாடங்களையும் படித்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அப்பிள்ளைகளுக்கு எழுதிப் பழக இடம் வேண்டும் என்று சாரங்கபாணி நினைத்தார். 1950களில் தமிழ் முரசில் மாணவர் மணிமன்றம் என்ற பகுதி வந்தது. பள்ளி மாணவர்கள் எழுதிய கதைகளும் கவிதைகளும் கட்டுரைகளும் அதில் அச்சாயின. தன் பெயரை அச்சில் பார்த்த பிள்ளை அடுத்த வாரமும் எழுதும். பிற்காலத்தில் சிங்கப்பூர், மலேசியத் தமிழ் எழுத்துலகில் அறியப்பட்ட பலர் அந்தப் பக்கத்தில்தான் முதன்முதலில் எழுதினார்கள்.

நல்ல தொடர்பாளர் தாம் நன்றாகப் பேசுபவர் மட்டுமல்லர். பேசத் தயங்குபவரைப் பேச வைப்பவரும் அவரே. வேலையிடத்தில் மூத்த அதிகாரிகளிடம் நான் உண்மையிலேயே மதிக்கும் பண்பு இதுதான். கூட்டத்தில் எல்லாவற்றையும் தாமே விளக்காமல், புதிதாகச் சேர்ந்தவரைப் பார்த்து உங்கள் கருத்து என்ன என்று கேட்பவரை யாரும் மறப்பதில்லை.

பல்கலைக்கழக வாசலில் தமிழ்

இனி நம் எல்லோருக்கும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். 1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதில் இந்தியவியல் துறை ஒன்று அமைய வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அத்துறையில் எந்த மொழிக்கு முதலிடம், சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற கேள்வியும் உடன் எழுந்தது. சமஸ்கிருதத்தை முன்வைத்தவர்களில் பெரிய அறிஞர்களும் இருந்தார்கள்.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். அவர்கள் மொழிக்கு அங்கே இடமில்லை என்றால் அது யாருக்கான துறை என்று சாரங்கபாணி கேட்டார். தமிழ் முரசின் வழியே ஆதரவு திரட்டினார். கேட்பதோடு நிற்கவில்லை. தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டும் இயக்கத்தைத் தொடங்கினார். பல்கலைக்கழகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க அந்த நிதி பயன்பட வேண்டும் என்பது திட்டம்.

யார் கொடுத்தார்கள்? பல்கலைக்கழகத்தின் படியையே மிதித்தறியாத உழைப்பாளிகள் கொடுத்தார்கள். தோட்டப்புறத்திலும் துறைமுகத்திலும் வேலை செய்தவர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். தங்கள் பிள்ளைகள் அங்கே படிப்பார்களா என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. 1956இல் இந்தியவியல் துறை அமைந்தது. தமிழ் அதில் இடம்பெற்றது. பின்னர் அத்துறை கோலாலம்பூர் வளாகத்துக்குச் சென்றது. 1961இல் தனிநாயகம் அடிகளார் அதன் தலைமையை ஏற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரில் நடந்தது. அந்த மாநாட்டுக்கு முன்னே ஒரு கணக்கரின் பத்திரிகையும், கைநாட்டு வைத்த உழைப்பாளிகளின் வெள்ளிகளும் இருந்தன என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேரவை நடத்துகிறோம், விவாதப் போட்டி நடத்துகிறோம், ஆண்டு மலர் வெளியிடுகிறோம். இவை எல்லாம் தாமாகவே கிடைத்தவை அல்ல.

குடியுரிமை என்னும் செய்தி

1951இல் பல அமைப்புகளை இணைத்துத் தமிழர் பிரதிநிதித்துவ சபை உருவானது. அடுத்த ஆண்டு, 1952இல், தமிழர் திருநாள் கொண்டாட்டம் தொடங்கியது. பொங்கலை ஒட்டி, மத வேறுபாடின்றி எல்லாத் தமிழரும் கூடும் ஒரு நாள். கோயிலுக்குப் போகாதவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் தேவாலயத்துக்குப் போகிறவரும் ஒரே மேடையின் முன் அமர்ந்தார்கள். பிரித்தவற்றைப் பேசிப்பேசி அலுத்தவர்களிடம், பொதுவாக இருந்த மொழியை எடுத்துக்காட்டினார் சாரங்கபாணி.

அவர் எடுத்துச்சென்ற செய்திகளிலேயே மிகவும் அவசரமானது குடியுரிமை. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. பல ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவர்கள் பதிவு செய்து குடிமக்களாகலாம். ஆனால் பதிவு செய்ய வேண்டும். நம்மவர்களில் பலருக்குச் சட்டம் வந்ததே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் தயக்கம். ஊர் நினைவு ஒரு பக்கம், படிவத்தைக் கண்ட பயம் ஒரு பக்கம். பதிவு செய்யாவிட்டால் நாளை வேலையும் வீடும் பிள்ளைகளின் படிப்பும் என்னவாகும் என்பதைத் தமிழில் எடுத்துச்சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். சாரங்கபாணி ஊக்கமாக அந்தப் பணியைச் செய்தார். குடியுரிமை பெறுங்கள் என்று எழுதினார், கூட்டங்களில் பேசினார்.

இன்று நமக்குக் கையில் இருக்கும் அடையாள அட்டை எப்படி வந்தது என்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ முரசு படித்துவிட்டுப் போய் வரிசையில் நின்ற கதை வெளிவரலாம்.

பல இனச் சமுதாயத்தில் எப்படி வாழ்வது என்பதையும் அவர் எழுத்தில் மட்டும் சொல்லவில்லை. 1937இல் பெரனாக்கான் சீனப் பெண்மணி ஒருவரை மணந்தார். சாதி மறுப்புப் பேசியவர் இனம் கடந்து குடும்பம் நடத்தினார். பேச்சும் வாழ்க்கையும் ஒன்றாக இருந்ததால்தான் அவர் பேச்சுக்கு எடை இருந்தது.

இழப்புகளும் இருந்தன

இவ்வளவும் இழப்பில்லாமல் நடக்கவில்லை. பத்திரிகைத் தொழில் அவருக்குச் செல்வம் சேர்த்துத் தரவில்லை. இந்தியன் டெய்லி மெயில் நின்றுபோனது. 1960களின் முற்பாதியில் தமிழ் முரசு ஊழியர்களின் வேலைநிறுத்தத்தால் பத்திரிகையே சில காலம் வெளிவராமல் போனது. தொழிலாளர்களுக்காகப் பேசிய பத்திரிகையில் தொழிலாளர்களுக்கும் நிர்வாகத்துக்கும் இடையே பேச்சு முறிந்தது. ஊர் முழுவதையும் பேச வைத்தவருக்கு அது எவ்வளவு வேதனையாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பத்திரிகை மீண்டும் வெளிவந்தது. ஆனால் அதற்குள் அவர் வயது 60ஐக் கடந்திருந்தது.

1974ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி அவர் சிங்கப்பூரில் காலமானார். மக்கள் அவருக்கு அளித்த தமிழவேள் என்ற பட்டம் நிலைத்தது. தமிழ் முரசு பிறகு பல கைகள் மாறி, 1990களில் சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடம் வந்தது. இன்று எஸ்பிஎச் மீடியாவின் கீழ் அச்சிலும் இணையத்திலும் வெளிவருகிறது.

நமக்கு என்ன?

நண்பர்களே, சாரங்கபாணியின் வாழ்க்கையிலிருந்து நாளைய நேர்காணலுக்கு என்ன எடுத்துச்செல்லலாம் என்று நீங்கள் கேட்கலாம். நான் மூன்றைச் சொல்வேன்.

முதலாவது, கேட்பவரின் கையில் இருக்கும் காசைப் பாருங்கள். உங்கள் அறிக்கையைப் படிக்கப்போகும் அதிகாரிக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது, எதைப் பற்றி அவருக்குக் கவலை, எந்தச் சொல் அவருக்குப் பழக்கம் என்று தெரிந்துகொண்டு எழுதத் தொடங்குங்கள். அழகான சொற்கள் பிறகு வரலாம்.

இரண்டாவது, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகளைச் சொத்தாக நினையுங்கள். தமிழை வீட்டு மொழி, ஆங்கிலத்தை வேலை மொழி என்று பிரித்து வைத்துக்கொள்ளாதீர்கள். மருத்துவமனையில் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டிக்கு மருந்தின் அளவை விளக்கத் தெரிந்த இளம் மருத்துவர், கட்டுமானத் தளத்தில் தமிழகத்திலிருந்து வந்த ஊழியருக்குப் பாதுகாப்பு விதியைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்த பொறியாளர், இவர்களுடைய தொழில்முறை மதிப்பு அந்த இரண்டு மொழிகளால் உயர்கிறது. அதற்குத் துறைச்சொற்கள் தமிழிலும் தெரிந்திருக்க வேண்டும். மேடைத் தமிழ் மட்டும் போதாது.

மூன்றாவது, பேசியதற்குப் பொறுப்பேற்கத் தயாராக இருங்கள். மறுநாள் அதே முகங்களைப் பார்க்க வேண்டும் என்ற நினைவு இருந்தால், மிகைப்படுத்திப் பேசத் தோன்றாது. பணியிடத்தில் நற்பெயர் ஒரு படைப்பால் வருவதில்லை. சொன்னதைச் செய்தவர் என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அதற்குப் பல ஆண்டுகள் ஆகும்.

இவற்றைச் சொல்லும்போது ஒரு கவலையும் எனக்கு உண்டு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியர்களில் வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் 2010இல் 36.7 விழுக்காடு. 2020இல் அது 27.9 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. பிற இந்திய மொழி பேசுவோரும் இந்தக் கணக்கில் அடங்குவர் என்றாலும் சரிவு சரிவுதான். ஒரு மொழிக்கு அதிகாரத்துவத் தகுதி சட்டத்தால் கிடைக்கலாம். நம் நாட்டில் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தத் தகுதியைப் பயன்படுத்த ஆள் வேண்டும். தமிழில் தொழில்முறையாகப் பேசவும் எழுதவும் தெரிந்த இளையர்கள் குறைந்துகொண்டே போனால், தமிழ் பெயர்ப்பலகையில் மட்டும் இருக்கும்.

2003ஆம் ஆண்டு வடகிழக்கு ரயில் பாதை திறக்கப்பட்டபோது சைனாடவுன் நிலையத்துக்கும் தமிழில் பெயர் எழுதினார்கள். தினமும் அந்தப் பலகையைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். சீன எழுத்துகளுக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்துகள் இருப்பதைச் சுற்றுப்பயணிகள் வியப்போடு படம் எடுக்கிறார்கள். அந்த எழுத்துகளுக்குப் பின்னால் ஒரு காசுப் பத்திரிகையும், அதை உரக்கப் படித்தவர்களும், கேட்டவர்களும் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரிந்தால் போதும்.

ஆகவே இளையர்களே, தொடர்புத்திறன் வகுப்புகளுக்குப் போங்கள். நன்றாக உடுத்துங்கள், தெளிவாகப் பேசுங்கள், நல்ல வேலையில் அமருங்கள். அத்தோடு இந்த ஆண்டு முடிவதற்குள் உங்கள் துறையைப் பற்றித் தமிழில் ஒரு கட்டுரையாவது எழுதுங்கள். சட்டமோ கணினியோ மருத்துவமோ, எதுவாக இருந்தாலும் உங்கள் பாட்டிக்குப் புரியும்படி எழுதிப் பாருங்கள். எழுதியதை அடுத்த மலருக்கு அனுப்புங்கள்.